சென்னியப்பன் நூற்ற அரைக்கதிர்

“சொன்ன சொல்லைக் காப்பாத்தறது தப்புங்களா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

வந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டான். கொடுத்த தண்ணீரைக்கூட இன்னும் குடிக்கவில்லை.

ஆசிரமத்து அம்மை பஞ்சில் தூசு பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாரு தப்புன்னு சொன்னது?”

“எல்லாரும்தானுங்க.”

“அப்படி என்ன சொன்னீங்க?”

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்தக் கதையை அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவன் பக்கத்து நியாயம் பருத்துக்கொண்டே வந்திருந்தது.

அவன் நூற்பாலையில் சைடர். வரிசையாக ஓடும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டிவிடுகிற வேலை. அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கென்று இருந்தது ஒரே தங்கை, மயிலாத்தாள். ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் அவளுக்குச் சடை பின்னிவிட்டுப் போய், திரும்பி வந்ததும் தன் தலையில் ஒட்டிய பஞ்சை அவள் பொறுக்கக் கொடுத்து, அப்படி வளர்த்த தங்கை.

அவளைக் கட்டிக்கொடுத்தான். பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள்.

இரண்டும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துச் செய்ய வேண்டியவை.

அன்றைக்கு அவனை மாற்றிவிட வேண்டிய ஆள் மில்லுக்கு வரவில்லை. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு வர முடியாது. ஒருவழியாகப் பஸ்ஸைப் பிடித்து, மூச்சு வாங்க அவன் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை ராசுக்குட்டியின் மடியில் இருந்தது. ராசுக்குட்டி அவர்களுடைய பெரியப்பா மகன். பாதித் தலை மொட்டையாகியிருந்தது.

“நல்ல நேரம் போயிருமுன்னு மாப்பிள்ளை அவசரப்பட்டுட்டாருங்க. ‘எந்த மாமனா இருந்தா என்ன, மடிதானே’ன்னு ஒரு சிரிப்பு வேற.”

“நீங்க?”

“சீர்த்தட்டை வாசல்ல வெச்சேன். ‘இனி இந்த வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலை’ன்னேன். திரும்பிட்டேன்.”

“காது குத்தினாங்களா?”

“அதுதானுங்களே. தங்கச்சி புள்ளையத் தூக்கிட்டு உள்ள போயிட்டா. ‘மொட்டைதான் போச்சு, காது எங்கண்ணன் மடியிலதான்’னுட்டா. புள்ள இப்பப் பள்ளிக்கூடம் போகுது. இன்னும் மூளிக் காது. கூடப் படிக்கிறதுக ‘டேய் பையா’ன்னு கூப்பிடுதுகளாம்.”

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

வருகிற முகூர்த்தத்தில் மறுபடி நாள் வைத்திருந்தார்கள். சென்னியப்பன் வந்தால் வரட்டும், வராவிட்டால் ராசுக்குட்டி மடி, இதற்குமேல் ஒருநாளும் தள்ள முடியாது என்று மாப்பிள்ளை முடிவாகச் சொல்லிவிட்டார். கோயிலில் வைத்துக்கொள்ளலாம், அங்கே வீட்டு வாசப்படி இல்லை என்று யாரோ யோசனை சொன்னார்கள். மயிலாத்தாள் கேட்கவில்லை. வீட்டில்தான் வைக்க வேண்டும், அண்ணன் வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று நின்றுவிட்டாள்.

அவளும் அதே அப்பனுக்குப் பிறந்தவள்.

“நீங்க போன்னு சொன்னாப் போறேன். போகாதேன்னாப் போகலை. உங்க பேச்சுக்குக் கட்டுப்படறேன். இது சத்தியமுங்க.”

“அதுக்கும் ஒரு சத்தியமா?” என்றார் அம்மை.

பஞ்சுக் கூடையை நகர்த்திவிட்டு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு ராட்டை இருந்தது.

“ஒரு கதிர் நிறைய நூல் நூத்துட்டு வாங்க. பதில் சொல்றேன்.”

மலையடிவாரத்து அந்த ஆசிரமத்தில் அது வழக்கம். கேள்வியோடு வருகிறவர்கள் முதலில் ராட்டையில் உட்கார வேண்டும். பாதிப்பேர் கதிர் நிறைவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். சிலர் கேள்வியை மறந்துவிட்டு நூற்றுக்கொண்டிருப்பார்கள். அம்மைக்கு வயது சென்னியப்பனைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் ஒன்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு இப்போது வந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து நூலோடு புழங்கியவனிடம் நூல் நூற்கச் சொல்கிறார்.

“ஒரே ஒரு கதிருங்களா? பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடறேன். கதிர் நிறையாம இந்த எடத்தை விட்டு நான் கிளம்பினா—”

“பொறுங்க. அதைச் சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டான்.

*

வலது பக்கம் பெரிய சக்கரம், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. இடது பக்கம் கதிர், நுனி கூர்மையான மெல்லிய இரும்புக் கம்பி. இரண்டையும் சேர்க்கிற கயிற்றுக்கு மால் என்று பெயர். வலது கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடது கை பஞ்சுப் பட்டையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். கதிர் நுனியில் பஞ்சு முறுக்கேறி நூலாகும். கை எட்டுகிற தூரம் இழுத்ததும், நூற்ற நூலைக் கதிரின் வயிற்றில் சுற்றிக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டும்.

சென்னியப்பன் முதல் இழுப்பிலேயே நல்ல நூலாக இழுத்தான். சீரான நூல். பார்த்துக்கொண்டிருந்த ஆசிரமத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதைச் சுற்றப்போனான். நூல் கதிர் நுனியிலேயே சுருண்டது. சிக்கியது. அறுந்தது.

அவன் அசரவில்லை. அறுந்த முனையைப் பஞ்சில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தான். ஒட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தான். நல்ல நூல். சுற்றினான். அறுந்தது. ஒட்டினான்.

அறுந்ததை ஒட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதனால் அறுந்துபோவது ஒரு குறையாகவே அவனுக்குப் படவில்லை.

பொழுது சாய்ந்தது. கதிரின் நுனியில் துண்டு துண்டாக நூல் சிக்கி ஒரு பஞ்சு முடிச்சு தொங்கியது. வயிறு காலியாக இருந்தது.

சமையல் பார்க்கிற பாவாத்தாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க மில்லுக்காரரே, எலிக்குக் கூடு கட்டறீங்களா?”

*

மறுநாள் அவன் அம்மையிடம் போனான்.

“பஞ்சு சரியில்லீங்க. இழை குட்டையா இருக்குது.”

அம்மை வேறு பஞ்சு கொடுத்தார்.

அறுந்தது.

“மால் தொய்ஞ்சு கிடக்குதுங்க.”

அம்மை மாலை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

அறுந்தது.

“கதிர் கோணலுங்க. இதுல எவன் நூத்தாலும் அறுந்துரும்.”

அம்மை தன்னுடைய ராட்டையிலிருந்து கதிரைக் கழற்றிக் கொடுத்தார். சென்னியப்பன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கோணல் இல்லை. நேராக இருந்ததில் அவனுக்கு வருத்தம்தான்.

அதிலும் அறுந்தது.

இப்படியே நாட்கள் ஓடின. ஒருநாள் கேட்டுவிட்டான்.

“நீங்க ஒருதரம் நூத்துக் காட்டுங்க. பாக்கறேன்.”

அம்மை உட்கார்ந்து நூற்றார். அவன் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சு நூலாகிற இடம் அது. மில்லில் கண் வைக்க வேண்டிய இடமும் அதுதான். விரல் எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு விடுகிறது, எந்த வேகத்தில் இழுக்கிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்தான். தன் கைக்கும் அவர் கைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

வலது கை என்ன செய்தது என்று அவன் பார்க்கவில்லை. சக்கரம் சுற்றுவதில் பார்க்க என்ன இருக்கிறது.

“நான் பண்றதைத்தானே நீங்களும் பண்றீங்க?”

“அப்படியா?” என்றார் அம்மை. எழுந்து போய்விட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பாவாத்தாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். கதை அவள்வரை போயிருந்தது.

“வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னீங்க? பொறவாசல் வழியாப் போங்களேன்.”

“அது ஏமாத்து வேலை.”

“அப்படின்னா ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போய் உள்ள வெக்கச் சொல்லுங்க. கால் படாது.”

“நான் என்ன பீரோவா?”

“பீரோவுன்னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்.”

சென்னியப்பன் கோபத்தில் அடுத்த தோசை வேண்டாம் என்றான். அவள் போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். சாப்பிட்டான்.

கை கழுவும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. கதிர் நிறையாவிட்டால் பதில் கிடைக்காது. பதில் கிடைக்காவிட்டால் போக வேண்டியதில்லை. முகூர்த்தம் தானாக வந்து தானாகப் போய்விடும். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது.

அது ஒரு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி அவனுக்குப் பிடிக்கவில்லை.

*

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் அவன் செல்போன் அடித்தது. ராசுக்குட்டி.

“அண்ணா, என்னைப் பலகையில உக்காருன்னு சொல்றாங்க.”

“உக்காரு.”

“போன தடவையே நான் மாட்டேன்னுதானுங்கண்ணா சொன்னேன். பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. அன்னைக்கிருந்து மயிலக்கா எனக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி கொடுத்ததில்லை. இந்தத் தடவையும் உக்காந்தா அந்தூருப் பக்கமே போக முடியாது. நீங்க வந்துருங்கண்ணா.”

“கதிர் நிறையட்டும், பாக்கலாம்.”

“என்ன கதிரு? எந்தக் கதிரு? நெல்லா, கம்பா?”

சென்னியப்பன் போனை வைத்துவிட்டான்.

பிறகு ராட்டையில் போய் உட்கார்ந்தான். வேகமாகச் சுற்றினான். அறுந்தது. ஒட்டினான். அறுந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினான். சக்கரம் அலறியது. மாடு மேய்ந்துகொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவன் மனத்தில் ராசுக்குட்டியின் மடி வந்து வந்து போயிற்று. அந்த மடியில் அந்தப் பெண். பாதி மொட்டைத் தலையோடு அவளை அவன் பார்த்ததுதான். இப்போது எப்படி இருப்பாள் என்று தெரியாது. காதைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அழுகிறபோது ராசுக்குட்டிக்கு என்ன செய்யத் தெரியும்?

அறுந்தது.

இந்த முறை அவன் ஒட்டவில்லை. முனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

அம்மை வந்து அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பட்டையைக் கொடுங்க. நான் இழுக்கறேன். நீங்க சக்கரத்தை மட்டும் சுத்துங்க.”

சுற்றினான். அம்மை இழுத்தார். நூல் நீண்டது.

“நிறுத்துங்க.”

நிறுத்தினான்.

“இப்பக் கொஞ்சம் பின்னால சுத்துங்க.”

“பின்னாலயா?”

“ம்.”

“பின்னால சுத்தினா ஏத்தின முறுக்கெல்லாம் கழண்டுருமே.”

“எவ்வளவு கழலும்?”

மில்லில் கதிர் முன்னால்தான் ஓடும். எந்தக் கதிரும் பின்னால் ஓடி அவன் பார்த்ததில்லை. ஓடினால் அது பழுது. ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும்.

“முறுக்குதானுங்களே நூலு,” என்றான். “அது போச்சுன்னா வெறும் பஞ்சு.”

“சரிதான். எவ்வளவு போகும்?”

“தெரியலீங்க.”

“சுத்திப் பாருங்க.”

கைப்பிடியைப் பிடித்தான். கை வரவில்லை. அம்மை நூலைப் பிடித்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ வாளியைக் கிணற்றுக்குள் விடுகிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் சக்கரத்தைப் பின்னால் தள்ளினான். கொஞ்சம்தான். குழந்தையின் கன்னத்தைத் தள்ளுகிற அளவுக்கு.

கதிர் நுனியில் இறுகிச் சுருண்டு கிடந்த நூல் மெல்ல அவிழ்ந்து விடுபட்டது. அம்மை தன் கையைச் சற்று உயர்த்தினார்.

“இப்ப முன்னால.”

சுற்றினான். நூல் வழுக்கிக்கொண்டு போய்க் கதிரின் வயிற்றில் படுத்தது. அறுந்துபோகவில்லை.

அவன் அதையே பார்த்தான். பிறகு சுற்றிய நூலில் ஒரு முழம் அவிழ்த்து, விரல்களுக்கு நடுவே உருட்டினான். நகத்தால் கீறிப் பார்த்தான். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தான். மில்லில் நூலைச் சோதிக்கிற மாதிரியே எல்லாம் செய்தான்.

“முறுக்கு அப்படியேதான் இருக்குது,” என்றான்.

அம்மை பட்டையை அவன் மடியில் வைத்தார்.

“கெடவே இல்லீங்களே,” என்றான் மறுபடி.

“மாட்டுக்குத் தண்ணி காட்டலை,” என்று எழுந்து போனார் அம்மை.

*

அவன் தனியாக நூற்றான்.

முன்னால் சுற்றினான். இழுத்தான். நிறுத்தினான். பின்னால் கொஞ்சம். பிறகு கதிரில் ஏற்றிக்கொண்டான்.

முதலில் பின்னால் சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் நூலைப் பார்த்தான். நூல் நூலாகவே இருந்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான். ஒருமுறை அதிகமாகப் பின்னால் போய் நூல் பிரிந்த கயிறு மாதிரி தளர்ந்துவிட்டது. மறுபடி முறுக்கேற்றினான். அடுத்ததில் அளவு கைக்குப் பிடிபட்டது.

தோள் தானாகக் கீழே இறங்கியது. இத்தனை நாளும் அதை உயர்த்திப் பிடித்திருந்தது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

பாவாத்தாள் வந்து பார்த்தாள். கதிரின் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டிருந்தது.

“எலிக்கு மாசம் எத்தனையாச்சு?” என்று கேட்டாள்.

சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து அங்கே யாரும் கேட்டதில்லை. பாவாத்தாளே கொஞ்சம் மிரண்டுபோனாள்.

அன்று முழுக்க நூற்றான். பொழுது போனதும் படுத்தான். தூங்கினான். விடியும்போது எழுந்து மறுபடி உட்கார்ந்தான். கதிர் பாதி நிறைந்திருந்தது. அழகான பாதி. நடுவில் பருத்து இரண்டு பக்கமும் மெலிந்து, வாழைப்பூ மாதிரி இருந்தது.

இன்னொரு பாதிக்கு இன்னொரு பகல் வேண்டும்.

அவன் அதைத் தடவிப் பார்த்தான். எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டினான்.

அம்மை வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“கதிர் நிறையலையே,” என்றார்.

“பாதிதானுங்க.”

“கிளம்பிட்டீங்க.”

“ஆமாங்க.”

“நிறையாமக் கிளம்ப மாட்டேன்னு ஏதோ சொன்னீங்க.”

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தான்.

“சொன்னேனுங்க,” என்றான். வேறு ஒன்றும் அதில் சேர்க்கத் தோன்றவில்லை.

“பதில் வேண்டாமா?”

“வந்து வாங்கிக்கறேனுங்க. முதல் பஸ் போயிரும்.”

*

தங்கை வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். காது குத்துகிற ஆசாரி வந்து, சின்னப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே, கூடத்தில் போட்டிருந்த பலகையில் ராசுக்குட்டி பல்லைப் பிடுங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பது தெருவிலிருந்தே தெரிந்தது. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான்.

அந்தப் பக்கம் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி நின்றாள். இரண்டு காதுகளையும் இரண்டு கைகளால் பொத்திக்கொண்டிருந்தாள். யார் கூப்பிட்டும் அவள் உள்ளே போகவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அவனைப் பார்த்தாள்.

“நீங்க யாரு?”

“உன்ற மாமன்.”

“எந்த மாமா?”

“வராத மாமன்.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒருவன் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“வலிக்குமா?” என்று கேட்டாள்.

“வலிக்கும்.”

“எவ்வளவு வலிக்கும்?”

வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று எல்லோரும் அவளிடம் சொல்லியிருப்பார்கள்.

“தெரியலை அம்மிணி,” என்றான் சென்னியப்பன். “எனக்குக் குத்தினது ஞாபகமில்லை. குத்தி முடிஞ்சதும் நீதான் சொல்லோணும்.”

அவள் ஒரு காதிலிருந்து கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அந்தக் கையால் அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். சின்னக் கை. ஆனால் நல்ல பிடி. அவன் போனான்.

ராசுக்குட்டி யாரும் சொல்லாமலே பலகையை விட்டு எழுந்தான். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். “வாங்க மச்சான்,” என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது.

சமையலறையிலிருந்து மயிலாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். நின்றாள். முகத்தைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவன் காலைப் பார்த்தாள்.

“செருப்போட உள்ள வந்திருக்கறீங்க,” என்றாள். “இப்பத்தான் கழுவி விட்டேன்.”

சென்னியப்பன் குனிந்து பார்த்தான். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

வெளியே போனான். செருப்பைக் கழற்றினான். மறுபடி உள்ளே வந்தான்.